கையெழுத்து போதும், பத்திரம் எதற்கு?

ஈரானைப் பற்றியும், 1989இல் அதன் உச்ச தலைவரான காமெனெயைப் பற்றியும் பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ஒரு கட்சி, "காமெனெய்க்கு 9,500 கோடி டாலர் சொத்து" என்று வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து நீட்டும். இன்னொரு கட்சி, அவர் டெஹ்ரானில் மக்களைச் சந்தித்த கூடத்தின் படத்தைக் காட்டும். தரையில் நீலமும் வெள்ளையுமாக ஜமுக்காளம், ஒரு சாதாரண நாற்காலி, பின்னால் திரைச்சீலை. 1979 புரட்சியில் வீழ்ந்த மன்னர் ஷாவின் அரண்மனைகளை அருங்காட்சியகங்களாக்கிவிட்டு இப்படி உட்கார்ந்திருந்தவரையா கோடீஸ்வரர் என்கிறீர்கள் என்று கேட்கும். இரண்டு கட்சிக்கும் கைவசம் ஆதாரம் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டை ஓய்வதே இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இரு தரப்பும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: அவர் பெயரில் என்ன இருக்கிறது? தேன் எடுத்தவன் புறங்கையை நக்கினானா இல்லையா என்பதிலேயே பேச்சு நின்றுபோகிறது. யார் தேன் எடுக்கலாம், எடுத்ததை யாரிடம் கொடுக்க வேண்டும், குடத்தை எட்டிப்பார்க்க யாருக்கு உரிமை இல்லை என்பதையெல்லாம் ஒரே ஆள் முடிவு செய்கிற இடத்தில், அவர் புறங்கை காய்ந்திருந்தால் என்ன, ஈரமாக இருந்தால் என்ன? சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டால் வரி உண்டு, வழக்கு உண்டு, வாரிசுச் சண்டை உண்டு. பெயரில் வைக்காமல், நிர்வாகியை நியமிக்கும் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இவை ஒன்றுமே இல்லை. இது பினாமியும் அல்ல. பினாமி என்றால் உண்மையான உரிமையாளர் ஒருவர் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். இங்கே ஒளிவு மறைவே கிடையாது. நியமனக் கடிதம் செய்தித்தாளில் வருகிறது, தொலைக்காட்சியில் வாசிக்கப்படுகிறது.

அந்த 9,500 கோடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். 2013 நவம்பரில் ராய்ட்டர்ஸ் ஆறு மாத விசாரணைக்குப் பிறகு வெளியிட்ட மதிப்பீடு அது. செதாத் என்ற ஒரே அமைப்பின் கையில் இருந்த நிலம், கட்டடம் சுமார் 5,200 கோடி டாலர், கம்பெனிப் பங்குகள் சுமார் 4,300 கோடி டாலர். காமெனெய் அந்தப் பணத்தைத் தன் சொந்தச் சுகத்துக்கு எடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அதே கட்டுரை தெளிவாக எழுதியிருந்தது. ஃபார்வர்டு ஆகும்போது அந்த வரி மட்டும் எப்போதோ உதிர்ந்துவிட்டது. எனக்கோ அந்தக் கட்டுரையிலேயே முக்கியமான வரி அதுதான். திருடவில்லை என்றால் ஏன் இவ்வளவு சேர்க்க வேண்டும்?

இரண்டு ஆண்டுக்குப் போட்ட ஆணை

1989 ஏப்ரல். புரட்சியை நடத்தி முதல் உச்ச தலைவரான கொமெய்னியின் கடைசி மாதங்கள். அவருக்கு அடுத்தவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த மொந்தசெரி, சிறைகளில் நடந்த மரண தண்டனைகளைக் கண்டித்ததும் சேர்ந்து, மார்ச் மாதமே கழற்றிவிடப்பட்டிருந்தார். இந்த நேரத்தில் கொமெய்னி சின்னதாக ஓர் ஆணை போட்டார். புரட்சிக் குழப்பத்தில் உரிமையாளர் விட்டுவிட்டுப் போன சொத்துகள் நாடெங்கும் கிடக்கின்றன. நம்பிக்கையான சிலர் பொறுப்பேற்று, அவற்றை விற்று, பணத்தை ஏழைகளுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் செலவிட வேண்டும். மொத்தமே இரண்டு பத்தி. இந்த வேலை இரண்டு ஆண்டில் முடிந்துவிடும் என்பதுதான் எண்ணம். இந்த ஆணையை நிறைவேற்ற வந்த அலுவலகம்தான் செதாத்.

ஜூன் 3 அன்று கொமெய்னி இறந்தார். மறுநாள், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நிபுணர் அவை கூடியது. அப்போது காமெனெய் நாட்டின் அதிபர். மத வரிசையில் நடுத்தர நிலைதான், ஹொஜ்ஜத்துல் இஸ்லாம். உச்ச தலைவர் என்றால் மர்ஜாவாக, அதாவது மக்கள் பின்பற்றும் உயர்நிலைச் சட்ட அறிஞராக இருக்க வேண்டும் என்றது அன்றைய அரசியல் சாசனம். 2018 ஜனவரியில் கசிந்த வீடியோ ஒன்றில், எனக்குத் தகுதியில்லை, இதை நான் எதிர்க்கிறேன் என்று அவரே அவையில் எழுந்து சொல்வதைப் பார்க்கலாம். வாக்கெடுப்பில் 74 பேரில் 60 பேர் அவருக்கு ஆதரவு. தற்காலிகம்தான், அரசியல் சாசனத் திருத்தம் மக்கள் வாக்கெடுப்புக்குப் போகும்வரை என்றார்கள். ஜூலை 28 அன்று வாக்கெடுப்பு நடந்தது. மர்ஜா நிபந்தனை நீக்கப்பட்டது, பிரதமர் பதவி ஒழிந்தது, தலைவரின் அதிகாரங்கள் விரிந்தன. தற்காலிகம் நிரந்தரமானது.

ஆக, ஒரே வசந்தத்தில் இரண்டு தற்காலிகங்கள், இரண்டுமே நிலைத்துவிட்டன. இந்த இடத்தைத்தான் பலர் வேகமாகத் தாண்டிப்போகிறார்கள். கொமெய்னிக்குச் செதாத் தேவைப்படவே இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் பஜார் கடையடைக்கும், மதக் கல்வியின் மையமான கோம் நகரத்து மதரஸாக்கள் வாய் திறக்காது. அடுத்து வந்தவருக்கு அந்த வார்த்தை பலம் கிடையாது. மூத்த ஆயதுல்லாக்கள் அவரைத் தங்களுக்குச் சமமாகக்கூட ஒப்பவில்லை. அதிபர் நாற்காலியில் ரஃப்சஞ்சானி, சொந்தச் செல்வாக்கோடு உட்கார்ந்திருந்தார். அரசு பட்ஜெட்டிலிருந்து ஒரு ரியால் எடுக்க வேண்டுமென்றாலும் அமைச்சரவையும், நாடாளுமன்றமான மஜ்லிஸும் குறுக்கே நிற்கும். அவற்றிடம் கையேந்தாமல் செலவழிக்கத் தனிப் பணம் வேண்டும். மதத் தகுதியில் இருந்த பள்ளத்தைப் பணம் போட்டு நிரப்பினார்கள் என்பதுதான் என் கணிப்பு. திருட்டுக்காகச் சேர்க்கவில்லை, பிழைத்திருக்கச் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டில் மூடியிருக்க வேண்டிய அலுவலகம் மூடப்படாமல் போனதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தென்படவில்லை.

ஒரு வீடு எப்படிக் கைமாறுகிறது

சட்டப்படி இதன் வேர் அரசியல் சாசனத்தின் 49ஆம் பிரிவு. வட்டி, லஞ்சம், சூது, கையாடல், வக்ஃப் சொத்தைச் சுரண்டியது என்று முறைகேடாக வந்த செல்வத்தை அரசு பிடுங்கி, உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவர் யாரென்று தெரியாவிட்டால் பொதுக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்த 1984இல் தனிச் சட்டம் வந்தது. புரட்சி நீதிமன்றங்களில் இதற்கென்றே கிளைகள் உண்டு. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பூட்டு திறப்பது அந்தக் கடைசிச் சொல்லில். பொதுக் கருவூலம் என்றால் நிதி அமைச்சகத்தின் கஜானாவா? அப்படியென்றால் பட்ஜெட், தணிக்கை, மஜ்லிஸில் கேள்வி எல்லாம் வரும். ஆனால் ஷியா சட்ட மரபில், உரிமையாளர் தெரியாத பொருள் மார்க்கச் சட்ட அறிஞரின் பொறுப்பில் சேரும் என்றும் ஒரு விதி இருக்கிறது. நாட்டுக்கே ஒரு சட்ட அறிஞர்தான் தலைவர் என்று ஆகிவிட்டால், அந்தப் பொறுப்பு யாருடையது? இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் சொத்துகள் செதாத்துக்குப் போயின.

நடைமுறையில் வரிசை இப்படி. முதலில் ஆள் இல்லாத சொத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார், அல்லது இறந்திருப்பார், வாரிசுகள் சிதறியிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர், குடியிருப்பவர், நிலத்தரகர் என்று யாரோ ஒருவர் தகவல் கொடுப்பார். பிறகு 49ஆம் பிரிவு நீதிமன்றத்தில் மனு. சொத்துக்காரர் நேரில் வந்து நிற்காதவரை "கைவிடப்பட்டது" என்ற தீர்ப்பு வாங்குவது கஷ்டமே இல்லை. அடுத்து பத்திரப் பதிவில் பெயர் மாற்றம். அதன்பின் குடியிருப்பவர்களுக்கு நோட்டீஸ்: இனி வாடகை எங்களிடம், இல்லையென்றால் காலி செய்யுங்கள். கடைசியில் ஏலம். 2013 மே மாதத்து ஏலம் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 300 சொத்துகள் விற்பனைக்கு வந்தன. செதாத் ஏல விளம்பரங்கள் நாளிதழ்களில் வெளிப்படையாகவே வந்துகொண்டிருந்தன.

சொத்துக்காரர் திரும்பி வந்தால்? அப்போதுதான் உண்மையான வியாபாரம் ஆரம்பம். தான் உயிரோடு இருப்பதை, பத்திரம் தன்னுடையது என்பதை, பணம் நேர்வழியில் வந்தது என்பதை எல்லாம் அவரே நிரூபிக்க வேண்டும். இடையில் ஒரு தரகர் முளைப்பார், "எனக்கு உள்ளே ஆள் தெரியும், இவ்வளவு சதவீதம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன்" என்பார். பாதி மதிப்பைக் கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொண்டவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். பஹாய் மதத்தவருக்கு அந்த வாசலும் கிடையாது. அவர்கள் நம்பிக்கையையே அரசு ஏற்பதில்லை. உரிமையாளர் ஊரில்தான் இருக்கிறார், அதே வீட்டில்தான் குடியிருக்கிறார் என்பதெல்லாம் அவர்களைக் காப்பாற்றியதில்லை. "கைவிடப்பட்ட சொத்து" என்று தொடங்கியது, கைவிட வைக்கப்பட்ட சொத்தாக மாறிய இடம் இது.

கணக்குக் கேட்பவர் யார்

ஈரான் அரசியல் சாசனத்தில் 142ஆம் பிரிவை வாசித்தால் சிரிப்பு வரும். உச்ச தலைவர், அதிபர், அமைச்சர்கள், அவர்களின் மனைவி மக்கள் ஆகியோரின் சொத்துக் கணக்கைப் பதவிக்கு முன்பும் பின்பும் நீதித்துறைத் தலைவர் சரிபார்க்க வேண்டும். நல்ல ஏற்பாடு. 110ஆம் பிரிவுக்குத் திரும்பிப் போனால், நீதித்துறைத் தலைவரை நியமிப்பவர் உச்ச தலைவர். அதோடு, "பதவிக்குப் பின்" என்ற சொல்லுக்கு அவர் விஷயத்தில் பொருள் மரணத்துக்குப் பின் என்பதுதான். பதவிக் காலமே இல்லாத பதவி அது. எல்லாவற்றையும்விட, அந்தப் பிரிவு கேட்பது சொந்தச் சொத்தைத்தான். செதாத்தோ, போன்யாதுகள் எனப்படும் பெரிய அறக்கட்டளைகளோ அந்தக் கணக்கில் வரவே வராது. தணிக்கையாளர் முழு மனதோடு, நேர்மையாக வேலை பார்த்தாலும் அவர் எண்ணப்போவது புத்தகங்களையும் ஜமுக்காளத்தையும்தான்.

மிச்சமிருந்தது மஜ்லிஸ். எந்த விவகாரத்தையும் விசாரிக்க அதற்கு உரிமை உண்டென்று அரசியல் சாசனம் சொல்கிறது. 2008இல் மஜ்லிஸ் தன் விதிகளைத் தானே திருத்திக்கொண்டது: தலைவரின் கீழுள்ள அமைப்புகளை அவர் அனுமதி இல்லாமல் விசாரிப்பதில்லை. யாரும் துப்பாக்கி நீட்டவில்லை. வாக்கெடுத்தே நிறைவேற்றினார்கள். வரி விஷயமும் இப்படித்தான். தலைவரின் அனுமதியின் பேரில் பெரிய அறக்கட்டளைகளுக்கு நெடுங்காலமாக விலக்குகள் இருந்தன. பக்கத்தில் அதே தொழிலைச் செய்யும் தனியார் ஆலை வரி கட்டும், வங்கிக் கடனுக்கு வரிசையில் நிற்கும், சுங்கத்தில் காத்திருக்கும். போட்டியில் யார் மிஞ்சுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நிலத்திலிருந்து கம்பெனிகளுக்கு

வீடு விற்ற பணம் தீர்ந்துபோகும். கம்பெனி தீராது. 2000க்குப் பிறகு செதாத் தத்பீர் என்ற முதலீட்டுக் குழுமத்தின் வழியே வங்கி, எண்ணெய், மருந்து, தொலைத்தொடர்பு என்று கால் ஊன்றியது. அதற்கு வாசல் திறந்தது தனியார்மயம், விந்தையாகத்தான் இருக்கும். அரசியல் சாசனத்தின் 44ஆம் பிரிவு பெரிய தொழில்கள் அரசிடமே இருக்க வேண்டும் என்றது. 2006இல் காமெனெய் அதற்குப் புது விளக்கம் தந்து, பெரிய அரசு நிறுவனங்களின் 80 சதவீதப் பங்குகள்வரை விற்கலாம் என்றார். உலக வங்கி ஆட்கள் கைதட்டும் சீர்திருத்தம். வாங்க வந்தவர்களைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

2009 செப்டம்பரில் ஈரான் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 50 சதவீதமும் கூட ஒரு பங்கும் ஏலத்துக்கு வந்தது. விலை சுமார் 780 கோடி டாலர். போட்டியில் இருந்த தனியார் நிறுவனம் ஒன்று, பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி, கடைசி நேரத்தில் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. வென்றது, வழக்கமான ராணுவத்துக்கு இணையாக இயங்கும் புரட்சிக் காவல் படையோடு தொடர்புள்ள மொபீன் கூட்டமைப்பு. அதில் செதாத்தின் கிளை நிறுவனத்துக்கும் பங்கு இருந்தது. முழுப் பணத்தையும் உடனே கட்ட வேண்டியதில்லை, ஒரு பகுதி முன்பணம், மீதி பல ஆண்டுத் தவணை. அதாவது கம்பெனி சம்பாதித்துக் கொடுக்கும் பணத்திலேயே கம்பெனிக்கான தவணையைக் கட்டலாம். மாதமும் கவனிக்க வேண்டியது. அதே ஆண்டு ஜூனில் நடந்த அதிபர் தேர்தலில் முறைகேடு என்று லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள், செல்பேசி சேவை அடிக்கடி துண்டிக்கப்பட்டது. மூன்று மாதத்தில் நாட்டின் தொலைபேசி வலை யார் கைக்குப் போயிற்று என்று பார்த்தால், இதை வெறும் வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காவல் படையின் கதையைத் தனியாகவே எழுத வேண்டும். அமைதிக் காலத்தில் சும்மா இருக்கும் படையை மறுகட்டுமானத்துக்குப் பயன்படுத்தலாம் என்ற 147ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, கத்தம் அல்-அன்பியா என்ற கட்டுமானப் பிரிவு அணையும் சாலையும் கட்டத் தொடங்கி, 2006இல் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலின் 15, 16ஆம் கட்டப் பணிகள்வரை போய்ச் சேர்ந்தது. படைத் தளபதியை நியமிப்பதும் அதே கையெழுத்துதான்.

தர்காவும் உண்டியலும்

செதாத் இளையது. மூத்தவை இரண்டு. புரட்சி முடிந்த கையோடு ஷா குடும்ப அறக்கட்டளையின் ஹோட்டல்கள், ஆலைகள், நிலங்களை அள்ளிக்கொண்டு பிறந்தது முஸ்தஸஃபான் போன்யாத், ஒடுக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை. இன்னொன்று பல நூற்றாண்டுப் பழமையுள்ள அஸ்தான் குத்ஸ் ரஸவி. மஷ்ஹதில் எட்டாம் இமாம் ரேஸாவின் அடக்கத்தலத்தை நிர்வகிப்பது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் யாத்ரிகர்கள் வரும் ஊர் அது. உண்டியலில் விழுவது கண்ணுக்குத் தெரியும் பணம், அவ்வளவுதான். பெரிய பணம் காலடியில் இருக்கிறது. மஷ்ஹதிலும் சுற்றுப்புறத்திலும் பரந்த நிலம் வக்ஃப். வீடு உங்களுடையது, அடியில் இருக்கும் மண் இமாமுடையது. எனவே நிலவாடகை கட்ட வேண்டும், வீட்டை விற்றால் கைமாற்றுக் கட்டணமும் உண்டு. வக்ஃப் நிலத்தை விற்க முடியாது என்பதால் இந்த வருமானம் ஒருபோதும் குறைவதில்லை. இதன்மேல் ரொட்டித் தொழிற்சாலையிலிருந்து வாகன உற்பத்திவரை கம்பெனிகள்.

1979 முதல் 2016இல் இறக்கும்வரை இதன் பொறுப்பாளர் வாயெஸ்-தபசி. 37 ஆண்டு! அடுத்து 2016 மார்ச்சில் அந்த நியமனக் கடிதம் இப்ராஹிம் ரயீசிக்கு வந்தது. அதுவரை நீதித்துறைக்கு வெளியே பலருக்குப் பெயர்கூடத் தெரியாதவர். மறு ஆண்டே அதிபர் தேர்தலில் நின்று தோற்றார், 2019இல் நீதித்துறைத் தலைவர், 2021இல் அதிபர். செதாத்தைப் பல ஆண்டு நடத்திய முகம்மது முக்பெர் அவருக்கு முதல் துணை அதிபர். 2024 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் ரயீசி இறந்ததும் முக்பெரே தற்காலிக அதிபர். பர்விஸ் ஃபத்தா என்பவர் முதலில் ஏழைகளுக்கான நிவாரணக் குழு, அடுத்து முஸ்தஸஃபான், அடுத்து செதாத் என்று சுற்றி வந்தார். ஆட்கள் குறைவு, நாற்காலிகள் நிறைய. எந்த நாற்காலியும் யாருக்கும் சொந்தமில்லை, ஒரு கடிதத்தில் வரும், ஒரு கடிதத்தில் போகும். அந்த நிச்சயமின்மைதான் விசுவாசத்துக்கு உத்தரவாதம்.

குமுஸ் பணத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். ஷியா முஸ்லிம் ஒருவர் ஆண்டுச் செலவு போக மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கைத் தான் பின்பற்றும் மர்ஜாவிடம் கொடுக்க வேண்டும். 100 மிஞ்சினால் 20. அதில் 10 இமாமின் பங்கு, 10 நபி வழி வந்த ஏழைகளின் பங்கு. இதை அரசர் தொட முடியாது என்பதால்தான் 1891 புகையிலைப் போராட்டத்தில் அன்றைய ஷாவையே பணியவைக்கும் அளவுக்கு உலமாக்களுக்கு முதுகெலும்பு இருந்தது. மதரஸா மாணவருக்கு மாதப் படி கொடுப்பவர் யாரோ, அவர் பெயர்தான் கோமில் ஒலிக்கும். 1994இல் மர்ஜா அராக்கி இறந்ததும், கோம் ஆசிரியர் சங்கம் ஏழு பேரைப் பரிந்துரைத்தது. அதில் காமெனெய் பெயரும் இருந்தது. முணுமுணுப்பு கிளம்பவே, ஈரானுக்கு வெளியே உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் பொறுப்பை ஏற்கிறேன் என்றார். இந்தப் பின்வாங்கல் கெட்டிக்காரத்தனம். உள்ளூர் ஆயதுல்லாக்களோடு குமுஸுக்காக மல்லுக்கு நிற்க அவருக்கு அவசியமில்லை. மாதப் படி கொடுக்க வேறு பணம் இருந்தது. எதிர்த்துப் பேசியவருக்கோ, 1987இல் உருவான மதகுருமாருக்கான தனி நீதிமன்றம் இருந்தது, அதுவும் தலைவரின் நேரடிக் கட்டுப்பாட்டில். 1997இல் காமெனெய்க்கு மர்ஜா ஆகும் தகுதி இல்லை என்று வெளிப்படையாகப் பேசிய மொந்தசெரி 2003வரை வீட்டுக் காவலில் இருந்தார்.

கெட்டுப்போகும் இடங்கள்

இதெல்லாம் வெறும் வேஷம் என்று நான் சொல்லவில்லை. நிவாரணக் குழு பல லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறது. செதாத்தின் பரகத் அறக்கட்டளை கட்டிய பள்ளிகள் உண்மையான பள்ளிகள்தான். எல்லை மாகாணத்துக் கிராமத்தில் குடிநீர் வந்த குடும்பத்திடம் போய் 49ஆம் பிரிவைப் பற்றிப் பேசினால் எடுபடாது. தர்மம் நடப்பதால்தான் கட்டடம் நிற்கிறது. கோளாறு என்னவென்றால், கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில் தர்மமும் வியாபாரமும் எங்கே பிரிகின்றன என்பதை நடத்துபவர்களாலேயே சொல்ல முடியாமல் போகிறது.

கொரோனா காலம் இதை அம்பலமாக்கியது. 2021 ஜனவரி 8 அன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் தடுப்பூசிகளுக்குத் தடை என்று காமெனெய் தொலைக்காட்சியில் அறிவித்தார். உள்நாட்டுத் தடுப்பூசியை உருவாக்கிக்கொண்டிருந்தது செதாத்தின் மருந்துக் கம்பெனி. ஜூனில் அதற்கு அவசர அனுமதி கிடைத்தது, தலைவரே அதைப் போட்டுக்கொண்டார். செப்டம்பருக்குள் 5 கோடி டோஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். கெடு வந்தபோது அதில் சிறு பகுதிதான் கையில் இருந்தது. ஆகஸ்டில் நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட சாவுகள் அரசுக் கணக்கிலேயே பதிவாயின. கடைசியில் சீனத் தடுப்பூசியை மொத்தமாக இறக்குமதி செய்துதான் சமாளித்தார்கள். தடை போட்டவரும், தடையால் சந்தை கிடைத்த கம்பெனியின் தலைவரை நியமித்தவரும் ஒருவரே. இதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று நிரூபிக்க முடியாது. இப்படி ஓர் அமைப்பில் நிரூபிக்கவும் தேவையில்லை, தவறான முடிவைத் தடுக்க நடுவில் யாருமே இல்லை என்பது போதும். அந்தச் செதாத் தலைவர்தான் அதே ஆகஸ்டில் முதல் துணை அதிபர் ஆனவர்.

இன்னொன்று 2020 ஆகஸ்டில். முஸ்தஸஃபான் தலைவராக இருந்த ஃபத்தா தொலைக்காட்சியில் உட்கார்ந்து, எங்கள் கட்டடங்களை ஆக்கிரமித்துக்கொண்டு காலி செய்ய மறுப்பவர்கள் என்று பட்டியல் வாசித்தார். முன்னாள் அதிபர் அஹ்மதிநெஜாத், தலைவரின் சம்பந்தி ஹத்தாத்-ஆதெல், படைப்பிரிவுகள். ஊரே வாய் பிளந்து கேட்டது. சில நாட்களில் அவரே மன்னிப்புக் கேட்டார். ஒடுக்கப்பட்டோர் அறக்கட்டளையின் தலைவருக்கே தன் கட்டடத்தைத் தன்னால் மீட்க முடியவில்லை. தொடர்புள்ளவர்களை வெளியேற்றும் அதிகாரம் அவருக்குக் கொடுத்த கடிதத்தில் இல்லை.

வாக்குப்பெட்டிக்கு முன்னால் ஒரு சல்லடை

தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் நீக்குவதும் நிபுணர் அவை. 88 பேர், எட்டாண்டுக்கு ஒருமுறை மக்கள் வாக்களிக்கிறார்கள். வேட்பாளர்களைச் சலிப்பது பாதுகாவலர் மன்றம். அதன் 12 பேரில் ஆறு பேரைத் தலைவர் நேரடியாக நியமிப்பார், மற்ற ஆறு பேரை அவர் நியமித்த நீதித்துறைத் தலைவர் முன்மொழிவார். 1991இல் இந்த மன்றம், தேர்தலைக் கண்காணிப்பதென்றால் வேட்பாளரை நிராகரிக்கும் உரிமையும் சேர்த்துத்தான் என்று தனக்குத்தானே விளக்கம் கொடுத்துக்கொண்டது. 2016இல் கொமெய்னியின் பேரன் ஹசன் கொமெய்னிக்கே அனுமதி இல்லை. 2024இல், இரண்டு முறை அதிபராகவும் பல ஆண்டுகள் அதே அவையில் உறுப்பினராகவும் இருந்த ரூஹானி நிராகரிக்கப்பட்டார்.

இவ்வளவு கறாரான சல்லடை எதற்கென்று கேட்டால், கொள்கைக்காக என்பார்கள். கொஞ்சம் உண்மை. ஆனால் சொத்தின் கோணத்தில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெயரில் எதுவும் இல்லாத செல்வத்துக்கு உயில் எழுத முடியாது. பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க முடியாது. நாற்காலி யாரிடம் போகிறதோ அவரிடம் எல்லாமே போகும், ஒரு ரியால் குறையாமல். 110ஆம் பிரிவு தலைவரின் அதிகாரங்களை வரிசையாக எண்ணிச் சொல்கிறது: போர் அறிவிப்பது, தளபதிகளை நியமிப்பது, தண்டனைக் குறைப்பு எல்லாம் உண்டு. செதாத், முஸ்தஸஃபான், மஷ்ஹத் தர்கா ஆகியவற்றின் பெயர் அந்தப் பட்டியலில் எங்குமே இல்லை. அவை தலைவரின் கைக்குக் கொமெய்னியின் கடிதங்களால் வந்தவை, காமெனெயின் கடிதங்களால் நீடித்தவை. 1989இல் பதவிக்கு வந்த சில மாதங்களுக்குள் அவர் முஸ்தஸஃபான் போன்யாதுக்குத் தன் ஆளாக முன்னாள் காவல் படை அமைச்சர் ரஃபீக்தூஸ்த்தை நியமித்தார். ரஃபீக்தூஸ்த்தின் சகோதரர் 1995இல் 12,300 கோடி தோமான் (ஒரு தோமான் பத்து ரியால்) வங்கி மோசடியில் ஆயுள் தண்டனை வாங்கினார், கூட்டாளி தூக்கிலிடப்பட்டார். ரஃபீக்தூஸ்த் 1999வரை, மொத்தம் பத்து ஆண்டு, அந்த நாற்காலியில் நீடித்தார்.